முதல் பங்கு யாருக்கு?

பொதுப்பணத்தில் கல்வி கொடுப்பதென்றால் முதல் பங்கு யாருக்குப் போக வேண்டும்? எல்லாருக்கும் எழுத்தறிவா, தேர்ந்த சிலருக்கு உயர்கல்வியா? இது அறத்தைச் சேர்ந்த கேள்வி. இந்தியாவும் சீனாவும் இதற்கு வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. திருப்பதிக்குப் பக்கத்து ஏர்பேட்டில் இக்கேள்வியின் இரண்டு முகங்களையும் ஒரே ஊரில் பார்க்கலாம்.

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், ஸ்ரீகாளஹஸ்திக்கு முன்னால் வரும் ஊர் ஏர்பேடு. கேரளத்தில் பிறந்து, திருமலையில் தவமிருந்த மலையாள சுவாமி 1926இல் இங்கே வியாசாசிரமத்தை நிறுவினார். அவர் எதிர்கொண்ட தடை பழையது. சூத்திரருக்கு வேதம் கற்கும் தகுதி இல்லை என்று பிரம்மசூத்திர உரையில் சங்கரர் முடிவு கட்டியிருந்தார். இதிகாச புராணங்களின் வழியே ஞானம் பெறலாம் என்ற சிறு வாசலை மட்டும் திறந்து வைத்தார். மலையாள சுவாமியோ சாதி பார்க்காமல், பெண்களையும் சேர்த்துக்கொண்டு, சமஸ்கிருதமும் வேதாந்தமும் கற்பிக்க வழி செய்தார். தகுதி பிறப்போடு வருவதில்லை, கற்கக் கற்க வருவது என்பதே அவர் செயலின் உட்பொருள்.

அதே ஏர்பேட்டில் இன்று திருப்பதி ஐஐடியும், ஐசர் என்னும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. இரண்டும் 2014ஆம் ஆண்டின் ஆந்திர மறுசீரமைப்புச் சட்டம் கொடுத்த வாக்குறுதியால் 2015இல் தொடங்கியவை. ஐஐடியின் நிரந்தர வளாகம் 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இங்கே சாதி கேட்டு யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. இடஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனாலும் வாசலில் நுழைவுத்தேர்வு நிற்கிறது. அதற்கான பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளை பல படி முன்னால் நிற்கிறது. மேல்தட்டுக் கல்விக்குச் செலவிடுவதை நியாயப்படுத்துபவர்கள், ஆசிரியரும் பொறியாளரும் அங்கிருந்துதானே வர வேண்டும் என்பார்கள். அது வலுவான வாதம்தான். ஆனால் வெளியே நிற்கும் பிள்ளைக்கு அது விடை ஆகாது.

உள்நாட்டு உற்பத்தியில் கல்விக்கு ஒதுக்கும் பங்கை மட்டும் பார்த்தால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரியாது. இந்தியாவில் 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு ஆறு சதவீதம் கேட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அதே ஆறைத் திரும்பவும் கேட்கிறது. அப்போது மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது 4.43 சதவீதம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. சீனா 1993இல் நான்கு சதவீதத்தை இலக்காக வைத்தது. 2000க்குள் எட்ட வேண்டிய அதை 2012இல்தான் எட்டியது. சீனப் பொருளாதாரம் பல மடங்கு பெரியது என்பதால் அதே சதவீதம் அங்கே கூடுதல் பணமாகிறது என்பது வேறு விஷயம்.

வித்தியாசம் எதை முதலில் செய்தார்கள் என்ற வரிசையில் இருக்கிறது. இந்தியா 1951இல், நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுதப் படிக்கத் தெரிந்திருந்த காலத்தில், கரக்பூரில் முதல் ஐஐடியைத் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய அதே நிலையிலிருந்து புறப்பட்ட சீனா, கிராமங்களே கூலி கொடுத்த உள்ளூர் ஆசிரியர்களைக் கொண்டு ஆரம்பக் கல்வியைப் பரப்பியது. 1980களின் தொடக்கத்தில் அங்கே வயது வந்தோரில் மூவரில் இருவர் எழுத்தறிந்தவர்; இந்தியாவில் பாதியைக்கூட எட்டவில்லை. ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் அங்கே 1986இலேயே வந்தது. இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

சீன வழியை அப்படியே புகழவும் முடியாது. கலாச்சாரப் புரட்சியில் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு 1966 முதல் 1977 வரை நின்றுபோய் ஒரு தலைமுறையின் உயர்கல்வி பாழாயிற்று. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, குடும்பப் பதிவு முறையால் நகரப் பள்ளி இன்றும் எளிதில் கிடைப்பதில்லை. பிறந்த இடம் அங்கே ஒருவகைச் சாதியாகிவிடுகிறது. 1990களிலிருந்து சீனாவும் தேர்ந்தெடுத்த சில பல்கலைக்கழகங்களுக்குத் தனியாக நிதி கொட்டத் தொடங்கியது. ஆனால் அதற்குள் கீழ்த்தளம் பெருமளவு கட்டி முடிந்திருந்தது. இந்தியாவில் கீழ்த்தளத்துச் செலவில் பெரும்பகுதி மாநிலங்களின் தலையில் இருக்கிறது; சட்டம் தரும் உரிமையோ ஆறு முதல் பதினான்கு வயது வரைதான்.