இங்கேயா வலிக்கிறது?

"வயித்து ஸ்கேன்தானே மேடம்? தண்ணி குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் வரவேற்பில் இருந்த பெண். "இல்லம்மா, கால்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்கு மேல், கருவின் பாலினத்தை இங்கே தெரிவிப்பதில்லை என்ற பலகை. 1994ஆம் ஆண்டுச் சட்டம் மாட்டவைத்தது. ஸ்கேன் என்றாலே கருப்பை என்றாகிவிட்ட ஊரில் நான் பாதத்தைக் காட்டப் போயிருந்தேன்.

இரண்டு ஆண்டுகளாக வலது பாதத்தில், மூன்றாம் நான்காம் விரல்களுக்கு நடுவே எரிச்சல். செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் இருக்கும். உதறிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தொடர்ந்து மூன்று வகுப்புகள் நின்று பாடம் நடத்தினால் விரல்கள் மரத்துப்போகும். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "எலும்பு நல்லாத்தான் இருக்கு. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது என்பதை அவர் சொல்லவில்லை. வீட்டிலும் அதே பேச்சு. நாளடைவில் நானே என்னைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியான தம் நூலில் இதைச் சாட்சிய அநீதி என்கிறார். சொல்பவர் யார் என்று பார்த்து, அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது. அதன் கொடுமை, கடைசியில் நம் சொல்லை நாமே நம்பாமல் போவதில் இருக்கிறது.

ஸ்கேன் அறையில் இருந்த மருத்துவர் கருவியை உள்ளங்காலில் வைத்து, பாதத்தின் மேற்புறத்தை விரலால் அழுத்தினார். "இங்கேயா?" "இல்ல, கொஞ்சம் தள்ளி... ஆமா, அதேதான்!" திரையில் கறுப்பாக ஒரு சின்ன முட்டை வடிவம். விரல்களுக்குப் போகும் நரம்பைச் சுற்றித் திசு தடித்திருக்கிறது, மார்ட்டன் நியூரோமா என்றார். 1876இல் இந்த வலியை விவரித்த அமெரிக்க மருத்துவரின் பெயர் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருவது.

நோய் இருக்கிறது என்று கேட்டு மகிழ்ந்தேன். படத்தைக் காட்டியதும் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அதுவே என்னை உறுத்தியது. படம் வராமல் போயிருந்தால் என் வலி பொய்யாகியிருக்குமா?

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். இதே தடிப்பு, வலியே இல்லாதவர்களின் பாதத்திலும் தெரிவதுண்டாம். "நீங்க 'அதேதான்'னு சொன்னதாலதான் இதை உங்க வலிக்குக் காரணம்னு எடுத்துக்கறேன்." அப்படியானால் என் சொல்லுக்குப் படம் சாட்சி சொல்லவில்லை, படத்துக்கு என் சொல்தான் சாட்சி சொல்லியிருக்கிறது.

திரும்பும் வழியில் எங்கள் கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் அக்காவின் நினைவு வந்தது. "உள்ளங்கால் எரியுது மேடம்" என்று போன ஆண்டு சொன்னார். "வயசாகுதில்லக்கா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனவள் நான். ஃப்ரிக்கரைப் படித்திருந்தேன், அப்போதே.

மறுநாள் அவரைத் தேடிப் போய்க் கேட்டேன்: "எந்த இடத்துலக்கா எரியுது?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "இப்பவாவது கேட்டீங்களே" என்று காலை நீட்டினார்.