வாக்கும் ஒரு கோட்டை



டோல்கேட்டில் இஷா தொழுது வெளியே வந்தால், துறைமுகம் செல்லும் லாரிகளின் இரைச்சல் ஓயாது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு, இந்தத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டுக் கொளுத்தியது. அஞ்சிய குடும்பங்கள் பட்டணத்தை விட்டே ஓடின. 'அவன் எம்டனப்பா' என்ற பேச்சு அன்று பிறந்ததுதான்.

அத்தகைய அச்சத்திலிருந்து ஒரு நாட்டைக் காப்பது எது? படைபலம் வேண்டும், மறுப்பதற்கில்லை. அதனுடன் இன்னொன்றும் வேண்டும். அதுதான் கொடுத்த வாக்கு.

கி.பி. 624, பத்ருப் போர். முஸ்லிம்கள் முன்னூறுக்குச் சற்று அதிகம். எதிரிகளோ ஏறத்தாழ ஆயிரம். ஓர் ஆள் கூடினாலும் பலம்தான். அந்நேரம் ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களின் தந்தையும் மதீனா வரும் வழியில் குறைஷிகளிடம் சிக்கினார்கள். நபியவர்களுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே விடப்பட்டார்கள். இதைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள் இருவரையும் போரில் சேர்க்கவில்லை. மிரட்டி வாங்கிய வாக்குதானே என்று தள்ளவும் இல்லை. வாக்கைக் காப்போம், உதவியை அல்லாஹ்விடம் கேட்போம் என்று முடிவு செய்தார்கள். இது இரு மனிதரின் ஒழுக்கம் மட்டுமா? ஓர் அரசின் பாதுகாப்புக் கொள்கையல்லவா!

எதிரி மோசம் செய்வான் என்று அஞ்சினால்கூட, உடன்படிக்கை முடிந்தது என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்; மறைவில் முறிக்கலாகாது. இது அல்அன்ஃபால் அத்தியாயம் தரும் சட்டம்.

நம் காலத்தைப் பாருங்கள். அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. 1992 முதல் ஜனவரி முதல் தேதிதோறும் அந்நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. 1999-ல் கார்கிலில் இரத்தம் சிந்தியது; அடுத்த ஜனவரியிலும் பட்டியல் கைமாறியது. கல்பாக்கத்தை அருகில் வைத்திருக்கும் நமக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரிய வேண்டும்.

இரு அரசுகளுக்கும் தத்தம் நலன் உண்டு, உண்மைதான். ஆனாலும் வாக்குத் தவறுவது இழிவு என்ற எண்ணம் மக்களிடம் இல்லையென்றால், அரசின் கையெழுத்து வெறும் மைதான்.

அந்த எண்ணம் பிறப்பது நம் வீட்டு வாசலில். கடன் கொடுத்தவர் கதவைத் தட்டினால், "அத்தா இல்லை என்று சொல்" எனப் பிள்ளையை அனுப்புகிறோமே! வாக்கு மீறுவது முனாஃபிக்கின் அடையாளம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை மறந்தோமா? நாளை அதே பிள்ளை நாட்டின் பெயரால் கையெழுத்திடலாம்.

யா அல்லாஹ்! எங்களையும் எங்கள் மக்களையும் வாக்குத் தவறாதவர்களாக ஆக்கி அருள்வாயாக! ஆமீன்.