நிலநடுக்கமும் வினையாராய்ச்சியும்

நிலத்தின் திண்மையை மக்கள் நாடோறும் கருதுவாரல்லர். வீடு கட்டுவோனும் வித்திடுவோனும் கண்மூடி நிட்டையில் இருப்போனும் அதன்மேல் இருந்தே தத்தம் தொழிலைச் செய்கின்றனர். ஆயினும் அஃது தம்மைத் தாங்குகின்றது என்னும் நினைவு அவர்க்கு எழுவதில்லை. திண்மையும் தாங்குதலும் பிருதிவிக்கு இயல்பென நம் நூல்கள் வகுத்ததை இளமையிற் பாடம் பண்ணிய யாமும், அதனைத் தத்துவ எண்ணிக்கையில் ஒன்றாகக் கொண்டு அப்பாற் சென்றோம். அவ்வியல்பு பிறழும்பொழுது உயிர் எய்தும் நிலை யாது, அந்நிலையினின்று அது செய்யும் முடிபுகள் எத்துணை நம்பத்தக்கன என்பன ஈண்டு ஆராயப்படும்.

1835-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், தென்னமெரிக்காவிற் சிலி நாட்டு வால்டிவியா நகரையடுத்த காட்டில் இளைப்பாறப் படுத்திருந்த சார்லஸ் டார்வின் என்னும் இயற்கை நூலார் பெரியதொரு நிலநடுக்கத்தை உணர்ந்தார். அவர்க்கு ஊறு ஒன்றும் நிகழ்ந்திலது, எழுந்து நிற்றலும் அரிதாயிற்றில்லை, தலைமட்டும் சுழன்றது. எனினும், திண்மைக்கே அடையாளமாய நிலம் காலின்கீழ்ப் பெயர்ந்த அச்சிறு பொழுது, பல நாழிகை எண்ணியும் பெறலாகாத ஒரு நிலையின்மையுணர்வைத் தம்முள்ளத்து விளைத்தது என அவர் எழுதிவைத்தார். சின்னாட் கழித்துக் கன்செப்சியோன் நகரம் இடிந்து கிடந்ததை அவர் கண்டதும் உண்டு. ஆயின் யாம் கருதற்குரியது, ஓர் ஓடுதானும் தம்மேல் விழாதபொழுதே அவர் அடைந்த அந்நிலையாம்.

என்னை? தீயினின்று ஓடலாம், வெள்ளத்துக்கு மேடு உண்டு, புயலுக்குச் சுவர் உண்டு. ஓடுதற்கும் நிலமே வேண்டுதலின், நிலமே அச்சப்பொருளாயவழி ஓடும் திசை இல்லை. நிலத்தின் ஆழத்திற் பாறை பிளந்து பெயர, அவ்வதிர்ச்சி அலைகளாய்ப் பரவும் என்பர் நிலநூலார். விரைந்து வரும் அலை முதற்கண் ஓர் உதைபோல் எய்தும். பின்னர் வரும் அலையே பக்கங்களில் ஆட்டி வீழ்த்துவது. இவ்விரண்டற்கும் இடையே சில நொடிகள் கழியும். ஏதோ வருகின்றது என்று அறிந்து, இன்னதென்று அறியாது நிற்கும் அவ்விடைவெளியில் உயிர் பற்றுதற்கு ஒன்றும் இல்லை. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்று ஓதுகின்றோம். ‘என் மனத்திட்பம்’ என ஒருவன் செருக்கியிருந்ததனுள் எத்துணைப் பங்கு அவன் கீழிருந்த மண்ணினின்று கடன் வாங்கியது என்பது அந்நொடிகளிற் புலனாம்.

நடுக்கம் நின்றபின்னும் இந்நிலை நீங்குவதில்லை. 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் ஜப்பான் நாட்டின் வடகீழ்ப் பகுதியிற் சில நிமிடங்கள் நீடித்த பெருநடுக்கத்தின்பின், அசையாத தரையில் இருந்துகொண்டே ‘ஆடுகின்றது’ என்று துணுக்குற்றோர் பலர். நிலநடுக்க மயக்கம் எனப் பொருள்படும் ஒரு சொல்லே அந்நாட்டு வழக்கில் உண்டு.

இனி, இதனினும் நுண்ணியதொன்றை அமெரிக்க நாட்டு உளநூலார் வில்லியம் ஜேம்ஸ் காட்டினார். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் விடியலிற் சான்பிரான்சிஸ்கோ நகரை அழித்த நடுக்கத்தை, அதன் தெற்கே ஸ்டான்போர்டிற் படுக்கையிற் கிடந்தவாறே அவர் உணர்ந்தார். அச்சம் சிறிதுமின்றி உவகையே தமக்கு உண்டாயிற்று என்றார். அவர் கல்வீட்டில் அல்லாது மரவீட்டில் இருந்தமையும் அதற்குக் காரணமாகலாம். அஃது எவ்வாறாயினும், அந்நடுக்கம் தம்மையே நாடி வந்த ஓர் ஆள் போலவும், கருத்தொடு தம் அறையுட் புகுந்தது போலவும் தோன்றிற்று என்பதும், வினாவப்பட்ட பிறரும் அவ்வாறே உரைத்தனர் என்பதும் அவர் கூற்று. கற்றறிந்த ஒருவர்க்கே, சிந்திக்கும் முன்னர், சடத்தின் அசைவு ஒரு சேதனத்தின் செயலாய்த் தோன்றிற்று. செய்வோன் ஒருவன் உளன் எனத் தோன்றியவுடன், ‘எதன் பொருட்டுச் செய்தான்? யார் குற்றத்துக்கு?’ என்னும் வினாக்களும் உடன் எழும்.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணி கழிந்த சிறிது நேரத்திற் பீகாரும் நேபாளமும் குலுங்கின. கங்கைச் சமவெளியில் விளைநிலம் பிளந்து நீரும் மணலும் ஊற்றெனப் பீறிட்டன. முங்கேர், முசாபர்பூர் முதலிய ஊர்கள் சிதைந்தன. பீகாரில் 7,000-க்கு மேற்பட்டோரும் நேபாளத்தில் 8,000-க்கு மேற்பட்டோரும் மாண்டனர். அக்காலைத் தமிழ்நாட்டிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், ஜனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலியில், இக்கேடு தீண்டாமை என்னும் பாவத்துக்கு விளைந்த தண்டம் எனத் தாம் நம்புவதாகக் கூறினார். தீண்டாமையை அவரோடொப்ப வெறுத்த இரவீந்திரநாத தாகூர் இதனை மறுத்தார்: பூதங்களின் கேட்டுக்குப் பூதங்களிலேயே காரணம் உளது; அன்றியும், இவ்வாதத்தை எதிர்க்கட்சியார் திருப்பிக் காந்தியடிகள் தொண்டின்மேலேயே பழி சுமத்தவும் கூடுமன்றோ? அடிகள் தம் நம்பிக்கையை விட்டாரல்லர். ஆயினும் தம்மை எதிர்ப்போரைச் சாடுதற்கு அதனைக் கருவியாக்கின் அஃது இழிந்த மூடநம்பிக்கையாய் முடியும் என உடன்பட்டார். மார்ச் மாதத்திற் பீகாருக்குச் சென்று இடிபாடுகளிடையே நடந்தார். அவ்வுடன்பாடே எமக்கு அவ்வாதம் முழுவதினும் மேலானதாகத் தோன்றுகின்றது.

அற்றேல், வினையின்றித் துன்பம் வருமோ எனின், வாராது. பூதங்களின் வாயிலாக வருவதனை ஆதிபௌதிகம் என வகுத்தமையும் அதுபற்றியே. ஆயினும் வினை உண்டு என்றல் வேறு. இன்னார்க்கு இன்ன வினை என்றல் வேறு. பிராரத்தம் உயிர்தோறும் வேறாயது. அதனைக் கூட்டுவிப்பான் இறைவன். அக்கணக்கோ நமக்கு மறைக்கப்பட்டது. வாயில் ஒன்றாயிருத்தல் கண்டு அதன்வழி வந்த வினையும் ஒன்றே எனத் துணிதல் தருக்கமாகாது. செங்கற்சுவர் வீழ்ந்து கொல்ல, மூங்கிலும் புல்லும் கொண்ட குடில் அசைந்து நிற்றல் இத்தகைய நடுக்கங்களிற் பலகாற் கண்டதே. அதுகொண்டு செங்கல் வாங்கும் பொருளுடையார் யாவரும் பாவிகள் என்பாரும் உளரோ? வீழ்ந்த சுவரின் பக்கத்து நின்று ‘யான் செய்த வினை யாதோ’ என ஒருவன் தன்னை வினாவுவானாயின், அவ்வினாவின்முன் யாம் தலைவணங்குவோம். அசையா நிலத்திலிருந்து பிறனை நோக்கி அதனையே விடையாக உரைப்பவன், ஜேம்ஸ் அறையுட் புகுந்த அத்தோற்றத்தையே சாத்திரத்தின் பெயரால் வழங்குகின்றான். அவ்வாறு உரைத்தலும் ஆகாமியமாய் அவன் கணக்கில் ஏறும் என்பதை நம்மவர் மறந்துவிடுகின்றனர்.

இதனை எழுதுதற்கு ஏது ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாட் காலை, சென்னையில் ஒரு மாடியிற் பூசைக்கு நீர் முகந்துகொண்டு நின்றோம். குடத்து நீர் தளும்பிற்று. எமக்குத்தான் தலைசுற்றல் எனக் கருதிச் சுவரைப் பற்றிக்கொண்டோம். அது சுமத்திராவின் கடலடியில் எழுந்த நடுக்கம் என்பதையும், சில மணி நேரங் கழித்துக் கடல் கரையேறியதையும் பின்னரே அறிந்தோம். அவ்வாரத்தில் ஒரு திண்ணையிற் கற்றோர் சிலர் கூடியிருக்க, அவருள் முதியவர் ஒருவர், ‘நாடோறும் மீனைக் கொன்றவர், கடல் கொண்டது’ என்றார். பிறர் தலையசைத்தனர். அவரிடம் பாடங் கேட்டவராதலின் யாம் வாய்வாளாதிருந்தோம். அத்திண்ணையில் இருந்தாருள் ஒருவரும் அதுகாறும் கடற்கரைக்குச் சென்று கண்டாரல்லர். யாமும் சென்றது பத்து நாட் கழித்தே. அரிசி மூட்டைகளோடு அடியார் சிலர் புறப்பட்டபொழுது, வண்டியில் ஓரிடம் இருந்தமையால் உடன் ஏறிக்கொண்டோம்.