பேச்சு போன வழி, பாட்டு வந்த வழி

முருகா சரணம்! வேலும் மயிலும் துணை.

போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம், குடுமியான்மலையில எங்க அப்பத்தாவுக்குப் பக்கவாதம். ராத்திரி வாய் கோணினப்போ திருநீறு பூசி, வேலுக்கு விளக்கேத்திட்டு விடியட்டும்னு இருந்துட்டோம். மூளையில ரத்தக்கட்டு அடைச்சா, அதைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தப்பு எங்களோடதுதான். அடியார்களே, முதல்ல ஆம்புலன்ஸ், வேண்டுதலை அதுல உட்கார்ந்து பண்ணுங்க.

வலது கை விழுந்துச்சு. நாம சொல்றது புரியும், பதில் மட்டும் வராது. என் பேரைச் சொல்ல வாயெடுத்தா கண்ணீர்தான் வரும்.

ஒரு சாயந்திரம் மனசு கேக்காம, அவங்க சின்ன வயசுல எனக்குச் சொல்லிக் கொடுத்த திருப்புகழை முதல் அடி மட்டும் பாடினேன். மிச்சத்தை அப்பத்தா பாடினாங்க! கொஞ்சம் குழறல், ஆனா சந்தம் தப்பல.

அற்புதம்னு உடனே ஃபார்வர்ட் போட்டிருப்பேன். படிச்ச படிப்பு விடல, தேடினேன். மூளையில நரம்பிழை ஓடுற வாக்கில்தான் தண்ணீர் சுலபமா நகரும். எம்ஆர்ஐ அந்த நகர்வை அளக்க, அதை வச்சு எந்தப் பகுதி எதோட இணைஞ்சிருக்குன்னு கம்ப்யூட்டர் கோடு போடும். 2009-ல் தொடங்கின அமெரிக்க ஹியூமன் கனெக்டோம் திட்டம் சுமார் 1,200 பேருக்கு இப்படி வரைபடம் எடுக்கக் கிளம்பினது. அதுல வில் மாதிரி வளைஞ்ச கற்றை ஒண்ணு, ஆர்க்குவேட் ஃபாசிகுலஸ். பெரும்பாலானவங்களுக்குப் பேச்சு இடது பக்கக் கற்றையை நம்பியிருக்கு. பாட்டுக்கு வலது பக்கமும் துணை வரும். ராகத்தோட சொல்லைப் பழக்கின ஆறு நோயாளிகளுக்கு வலது கற்றையில இழைகள் கூடினதா 2009-ல் ஒரு ஆய்வு. சின்ன ஆய்வுதான்.

காரணம் தெரிஞ்சா முருகன் சின்னவனாயிடுவானா? எனக்கு அப்படித் தோணல. எங்க ஊர் மேலைக்கோயில் பாறையில ஏழு ராகத்துக்கு ஸ்வரம் வெட்டியிருக்கு, கிரந்த எழுத்துல. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. கல்லுல ஸ்வரம் இருக்கு, ஆனா அது தானா பாடாது. ஸ்கேன் கோடும் அப்படித்தான். அருணகிரியாருக்கே முருகன் அடியெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்துச்சு.

இப்போ தினமும் ராத்திரி எட்டு மணிக்குச் சென்னையிலிருந்து வீடியோ கால். நான் முதல் அடி எடுப்பேன், அப்பத்தா தொடருவாங்க. எனக்கு அவங்க வச்சது முருகன் பேருதான். தனியாக் கேட்டா இன்னும் வரல. பாட்டுல அந்தப் பேரு வர்ற இடத்துல மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!