உந்தமும் வினை வேகமும்

தீய பழக்கத்தில் வீழ்ந்தார், “அதன் வேகம் எம்மை இழுத்துச் சென்றது” என்பர். கற்றவராயின் அதனையே பழவினையின் வேகம் என்பர். இயங்கும் பொருளின் தன்மையொன்றை உயிரின் செயலுக்கு ஏற்றியுரைக்கும் இவ்வழக்குப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

வழக்குப் பழையதே. வைசேடிகர் சமற்காரம் என்னும் குணத்தை மூன்றாகப் பகுத்தனர். எய்த அம்பு நாணை நீங்கிய பின்னும் செல்லுதற்கு ஏது வேகம். முன் கண்டதை நினைத்தற்கு ஏது பாவனை. வளைத்த கிளை மீண்டு நிமிர்தற்கு ஏது மூன்றாவது. மாதவச் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்கசங்கிரகம் பயின்றார் இதனை அறிவர். அம்பின் ஓட்டத்தையும் நெஞ்சின் நினைவையும் ஒரு குணத்தின்கீழ் வைத்த நுண்மை வியக்கத்தக்கது. ஆயினும் இரண்டும் ஒன்றே என அவர் கூறிற்றிலர்.

பௌதிக நூலார் உந்தம் என்பது, பொருளின் நிறையையும் திசையோடு கூடிய அதன் வேகத்தையும் பெருக்க வருவது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிபியாவில் இதனை இயக்கத்தின் அளவு என வரையறுத்தார். மயிலைக் கபாலீச்சரத்துப் பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் ஓடும் தேரை நோக்குக. கணக்கின் பொருட்டு அதன் நிறை 20,000 கிலோகிராம், செலவு நொடிக்கு அரை மீட்டர் எனக் கொள்வோம். உந்தம் 10,000 ஆகும். அதே மாடவீதியில் நொடிக்கு 5 மீட்டர் விரையும் மிதிவண்டி, ஏறியவனோடு 80 கிலோகிராம் எனின், அதன் உந்தம் 400. ஊர்வது விரைவதினும் 25 மடங்கு. விரைவு வேறு, உந்தம் வேறு என்பது இதனால் பெறப்படும்.

உந்தம் விசையும் அன்று. உந்தத்தை மாற்றுவதே விசை. திசையும் உந்தத்தின் கூறாதலின், வீதி மூலையில் தேரைத் திருப்புதற்கும் விசை வேண்டும். சக்கரத்தின்கீழ் இடும் முட்டுக்கட்டை அதற்கு உதவுகின்றது. (முட்டுக்கட்டை போடுதல் என்பதை உலகம் வசையாக வழங்குவது அக்கட்டைக்குச் செய்யும் அநீதி!) உந்தம் தன்னையுடைய பொருளை இழுப்பதில்லை, தடையில்லா வெளியில் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

மாடவீதியோ தடையில்லா வெளியன்று. வடம் பிடித்தோர் கை தளர்த்தினால் தேர் சிறிது தொலைவிலேயே நின்றுவிடும். அச்சிலும் நிலத்திலும் எழும் உராய்வு அவ்வுந்தத்தைக் கவர்ந்துகொள்ளும். நான்கு வீதியும் அது சுற்றி வந்ததெனின், முதலில் பெற்ற உந்தத்தால் அன்று, வழிநெடுக இழுக்கப்பட்டமையாலேயாம். பழக்கத்திற்கும் உராய்வு உண்டு. நாணம், சுற்றத்தார் சொல், பொருட்கேடு, உடல் நோவு எல்லாம் அதனைத் தடுப்பனவே. இத்தனையும் கடந்து அது பல்லாண்டு ஓடிற்றெனின், வடத்தைப் பற்றிய கை யாருடையது?

பள்ளத்தில் வண்டி தானே ஓடுமே எனின், அங்கே நிலவுலகின் ஈர்ப்பு என்னும் விசை உண்டு என்க. மதுவால் உடலும் மூளையும் திரிந்தார் நிலை அதுவே. அவரை இகழ்தல் எமக்கு உடன்பாடன்று. மருந்தும் துணையுமாகிய முட்டுக்கட்டையை அவர்க்கு இடல் வேண்டும். யாம் வினாவுவது சமநிலத்தில் நின்றுகொண்டு பள்ளத்தைச் சாட்சிக்கு அழைப்பாரையே.

சித்தாந்தம் வினையைச் சடம் என்றும், அதன் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்றும் கூறும். பிராரத்தம் ஊட்டுவது இன்ப துன்ப நுகர்ச்சி. அதனை நுகருங்கால் யான் எனது என்று எழும் புதுமுயற்சி ஆகாமியம். வடத்தை இழுப்பது ஆகாமியம். அதனைப் பிராரத்தத்தின் கணக்கில் எழுதுவது பொய்க்கணக்கு.

உவமை ஒருபுடையே ஒக்கும். மோதிய பொருள் இழந்த உந்தத்தை மோதப்பட்டது பெறும். மிதிவண்டி சுவரில் முட்டி நின்றால், அதன் உந்தம் சுவர் வழியே நிலத்தைச் சேரும். வினையோ செய்தானை விட்டுப் பிறனைச் சாராது. குடிகாரத் தந்தையால் மைந்தன் பசித்திருப்பின், தந்தையின் வினை அதனால் ஓர் அணுவும் குறைவதில்லை. மைந்தன் உறுவது தன் பிராரத்தம். அதற்குக் கருவியாய் நின்றமை தந்தைக்கு மேலும் ஓர் ஆகாமியம்.