கொலையை அழகெனக் காணலாமோ?

கோடை விடுமுறைக்குப் புதுக்கோட்டை வந்திருந்த என் பேரன், ஓர் இரவு சீனத் திரைப்படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் இட்டு என்னையும் அருகே அமர்த்தினான். சாங் யீமோ 2002இல் இயக்கிய ‘ஹீரோ’ என்னும் வாள்வீரர் கதை அது. சண்டைப் படம் எனக்கெதற்கு என்று மறுத்தவள், முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஏன் எழவில்லை என்பதை ஆராயவே இதனை எழுதுகிறேன்.

நிகழ்ந்தது ஒன்று, அதனைப் பலவாறு சொல்கிறார்கள். சொல்லும் கதை மாறுந்தோறும் உடையும் திரைச்சீலையும் சிவப்பு, நீலம், வெண்மை, பச்சை என நிறம் மாறுகின்றன. ஏரிநீரின்மேல் இருவர் தும்பிகள்போல் பறந்து பொருகின்றனர். நடிகரைக் கம்பியில் கட்டித் தூக்கிவிட்டுப் பின்னர்க் கம்பியைக் கணிப்பொறியால் அழித்துவிடுவார்களாம். இக்கலை புதிதன்று. கிங் ஹூ எடுத்த ‘எ டச் ஆஃப் ஜென்’ (1971) படத்தின் மூங்கிற்காட்டுப் போர் 1975இல் கான் திரைப்பட விழாவரை சென்று பரிசு பெற்றது. அதன் சண்டைகளை அமைத்தவர் பீகிங் இசைநாடகத்தில் பயின்றவர். அதனாற்போலும், இத்தகைய படங்களில் அடியைவிட அடவே பெரிதாகத் தெரிகிறது.

ஆயினும் என்னை உறுத்துவது ஒரு காட்சி. மஞ்சள் இலைகள் மழையென உதிரும் காட்டில் செவ்வாடைப் பெண்டிர் இருவர் பொருகின்றனர். இளையவள் வீழ்கிறாள். உடனே காடு முழுதும் மஞ்சள் நீங்கிக் குருதி நிறம் கொள்கிறது. “ஆகா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகே, ஒரு பெண் மாண்டதைக் கண்டன்றோ அப்படிச் சொன்னோம் என்று நாணினேன்.

“யாரும் சாகலையே பாட்டி, நடிப்புத்தானே?” என்றான் பேரன்.

அவன் அறிந்ததினும் அவன் சொல்லில் உண்மை மிகுதி. கதையின்படியும் அவள் சாகவில்லை. அது வீரன் அரசனிடம் புனைந்துரைத்த பொய் என்பது பின்னர் வெளிப்படுகிறது. ஆக, இருமடங்கு பொய்யான சாவு. அதில் குற்றம் எங்கே வரும்?

யசோதர காவியம் கற்ற நம்மவர்க்கு இங்கே மாக்கோழி நினைவுக்கு வராமற் போகாது. உயிர்ப்பலிக்கு அஞ்சிய யசோதரன், தாயின் சொல்லுக்கு இணங்கி, மாவினாற் செய்த கோழியையே வெட்டினான். ஆயினும் அவன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். திரவியஹிம்சை இல்லாத இடத்தும் பாவஹிம்சை இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான கதையை நான் அறியேன். செய்தல், செய்வித்தல் என்னும் இரண்டோடு உடன்படுதலையும் சேர்த்தே நம் பெரியோர் எண்ணினர். என் “ஆகா” எவ்வகை உடன்பாடு?

பயின்ற உடலின் அழகைக் கண்டு மகிழ்வதைக் குற்றமென்று நான் கூறேன். திருவிழாவிற் சிலம்பம் சுழற்றும் சிறுவனை நின்று பார்ப்பவள்தான் நான். மாணவியரைச் சித்தன்னவாசலுக்குப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் திருப்பணி செய்த குடைவரை அது. (அவரும் ‘ஆசிரியன்’ என்பதில் எனக்கோர் அற்பப் பெருமை.) விதானத்துத் தாமரைக் குளத்தில் மீனும் அன்னமும் யானையும் உலவப் பவ்வியர் மலர் கொய்கின்றனர். அங்கும் நிறம் கண்ணைக் கவர்கிறது. அதற்காக எவரும் வீழ வேண்டியதில்லை. அந்தக் காட்டின் சிவப்போ, அப்பெண் வீழாமல் வாராது. அவ்வழகின் விலை அவள். இவ்வேறுபாட்டைப் பேரனுக்கு விளக்கினேன். “அப்போ பார்க்கக்கூடாதா?” என்றான். பார்க்கக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தின் முடிவே காரணம்.

அரசனுக்குப் பத்தடி அண்மையில் நின்று, கொல்லும் திறனும் உடைய வீரன், கொல்லாமல் விடுகிறான். கையிலும் வாள் இன்றி மனத்திலும் வாள் இன்றி இருப்பதே வாட்கலையின் முடிவு என்கிறது படம். பரதனைத் தலைக்குமேல் தூக்கிய பாகுபலி அவனை நிலத்தில் எறியாது விட்டதைத்தான் நினைத்தேன். உயிர் பிழைத்த அவ்வரசனோ, பின்னாளில் சீனம் முழுதும் ஆண்ட கொடுங்கோலன் சின் ஷி ஹுவாங். கொடியவனைக் காப்பதா அறம் என்று படத்தைக் கண்டித்தவர் உண்டு. அக்கண்டனம் தள்ளத்தக்கதன்று. ஆனால் கொல்லாமை, எதிரியின் நன்னடத்தைக்குத் தரும் பரிசு அன்றே!

அவ்வரசன் ஆணையிட, வானை மறைக்கும் அம்புகள் வீரன்மேல் பாய்கின்றன. வாளாட்டம் அத்தனையும் காட்டிய இயக்குநர், அவன் உடல் துளைபடுவதைக் காட்டவில்லை. அம்புகள் தைத்து நிறைந்த கோட்டைக் கதவைக் காட்டுகிறார். நடுவே மனித வடிவில் ஓர் வெற்றிடம், அங்கு மட்டும் அம்பில்லை. ஒப்பிடுவது பொருந்தாது என்று அறிவேன். எனினும் நம் ஜினாலயத்தில், உலோகத் தகட்டில் உருவம் வெட்டி நீக்கிய வெளியாய் நிற்கும் சித்தர் பிரதிமைக்கே என் மனம் சென்றது. அப்போது நான் “ஆகா” என்று சொல்லவில்லை. பேரனும் பேசாதிருந்தான்.