பதின்ம வயதுக் கர்ப்பம்: அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைகள்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! மிம்பரில் பேசக் கூச்சப்படும் ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறோம். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கர்ப்பமாகும் பிள்ளைகளைப் பற்றி. சிறுவர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் இதையெல்லாம் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். சூரத்துந் நூரின் 58-வது வசனத்தைப் பாருங்கள். பருவமடையாத பிள்ளைகள்கூட ஃபஜ்ருக்கு முன்பும், மதியம் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் நேரத்திலும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் தாய், உடலுக்கு ஒரு மறைவு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் முடியாது. பத்து வயதில் படுக்கையைப் பிரித்து விடுங்கள் என்பது அபூதாவூதில் வரும் நபிமொழி. அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) எதற்காகப் புகழ்ந்தார்கள்? மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காக.

நாமோ வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அதற்கு ஹயா என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். படிப்பில் முன்னேறிய நம் தமிழ்நாட்டிலும் 6.3 சதவீதம். 'பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள்' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இவர்களில் பெரும்பாலோர் திருமணமானவர்கள். நாமே பந்தல் போட்டு, பிரியாணி ஆக்கி, துஆ செய்து அனுப்பிவைத்த பிள்ளைகள்.

பெரியவளாகிவிட்டாள், இனி என்ன என்கிறோம். அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பது பற்றி அந்நிஸா அத்தியாயத்தின் 6-வது வசனம் என்ன சொல்கிறது? திருமணப் பருவத்தை அடைந்தால் மட்டும் போதாது. அவர்களிடம் 'ருஷ்து', அதாவது நல்லது கெட்டதை அறிந்து நடக்கும் பக்குவம் தெரிய வேண்டும். அதன் பிறகே சொத்து. கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுக்கவே பக்குவம் பார்க்கச் சொல்கிற மார்க்கம் இது. ஒரு குடும்பத்தையும் ஒரு குழந்தையையும் கையில் கொடுக்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்?

உடலும் தயாராக இருப்பதில்லை. அதே ஆய்வின்படி நம் நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இருபது வயதைக் கடந்த தாயைவிட இந்தப் பிள்ளைகளுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்தும், பேறுகாலத் தொற்றும் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறப்பதும் அதிகம். படிப்பு நின்றுவிடும். பிறகு கணவன் விட்டுப் போனால் கையில் தொழிலும் இருக்காது.

திருமணத்திற்கு வெளியே நடப்பதற்கு வருவோம். காரணம் கேட்டால் எல்லோரும் செல்போனைக் காட்டுகிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஒருவன் 'சாப்பிட்டாயா?' என்று கேட்பது ஒரு பிள்ளைக்கு ஏன் அவ்வளவு இனிக்கிறது? வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. தகப்பன் சபராளி, மாதம் பணம் வருகிறது, பேச்சு வருவதில்லை. இன்னொன்று, சொல்லக் கசப்பானது. குழந்தைகளிடம் அத்துமீறுகிறவன் பெரும்பாலும் வெளியாள் அல்ல. உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், பாடம் சொல்லிக் கொடுக்க வருகிறவன். அங்கே அந்தப் பிள்ளை செய்த பாவம் எதுவும் இல்லை. அவள் மழ்லூம், அநீதி இழைக்கப்பட்டவள்.

விஷயம் தெரிந்ததும் நாம் செய்வது என்ன? மறைக்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். இரத்தப்போக்கில் உயிர் போகலாம் என்று யோசிப்பதில்லை. அல்லது அவசர அவசரமாக ஒரு நிகாஹ். 18 வயதுக்குக் கீழே உள்ள மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வுதான் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நிகாஹ்வால் வழக்கு தீராது. ஜமாஅத்தில் பேசி முடிக்கலாம் என்பதற்கும் இடமில்லை. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம். முதல் வேலை, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது. கருவைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள், உடல்நிலையை மருத்துவரிடம் கேளுங்கள். மார்க்கமும் மருத்துவமும் சட்டமும் நாள் கணக்கையும் வாரக் கணக்கையும் பார்ப்பவை. ஒளித்துவைத்த ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம்.

ஸஹீஹ் முஸ்லிமில் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் சம்பவத்தைக் கவனியுங்கள். ஜுஹைனா குலத்துப் பெண் ஒருவர், விபச்சாரத்தால் கர்ப்பமான நிலையில், தானாகவே வந்து தண்டனையைக் கேட்கிறார். நபி (ஸல்) அவர்கள் செய்த முதல் காரியம், அவருடைய பொறுப்பாளரை அழைத்தது. இவளிடம் நல்ல முறையில் நடந்துகொள், பிரசவமான பிறகு அழைத்து வா என்றார்கள். ஏன் இப்படிச் சொல்ல வேண்டும்? இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள்: மான ரோஷத்தில் உறவினர்களே அவரைத் துன்புறுத்திவிடலாம் என்ற அச்சம், தவ்பா செய்துவிட்ட பெண் என்பதால் இரக்கம். பாருங்கள், குற்றத்தை வயதுவந்த ஒரு பெண் தன் வாயால் ஒப்புக்கொண்ட இடத்தில் இந்தக் கட்டளை. பதினைந்து வயதுப் பிள்ளை விஷயத்தில் நமக்கு என்ன உரிமை இருக்கிறது, அடிக்கவும் அறையில் பூட்டவும் 'செத்துப் போ' என்று சொல்லவும்?

ஊரார் நாக்கு அதைவிட மோசம். கற்புள்ள பெண் மீது பழி சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவனுக்கு எண்பது கசையடி என்கிறது குர்ஆன் (24:4). வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவை ஃபார்வர்டு செய்கிறவருக்கு இந்த வசனம் நினைவுக்கு வருவதில்லை. பிறக்கும் குழந்தையையும் விடுவதில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது அல்லாஹ்வின் வாக்கு (6:164).

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டும். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வந்தது (24:30). ஒரு வாலிபர் வந்து விபச்சாரத்திற்கு அனுமதி கேட்டபோது, சபையினர் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அருகில் வரச் சொல்லி உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு, சகோதரிக்கு, மாமிக்கு, சாச்சிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள் (முஸ்னது அஹ்மத்). அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. உங்கள் மகனோடு நீங்கள் கடைசியாக இப்படி உட்கார்ந்து பேசியது எப்போது?

சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். 1098 என்ற எண் குழந்தைகளுக்கான இலவச உதவி எண். உங்கள் பிள்ளைக்கு அது மனப்பாடமாக இருக்கட்டும். தொடக் கூடாத இடத்தில் யார் தொட்டாலும், அது வாப்பாவின் நண்பராகவே இருந்தாலும், உம்மாவிடம் சொல்லலாம், திட்டு விழாது என்று இன்று இரவே சொல்லுங்கள். பெண் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிறவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நிகாஹ் பதிவுக்கு வருகிறவர்களிடம் வயதுச் சான்றை வாங்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிய குடும்பமானாலும் சரி.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கற்பையும் உடலையும் பாதுகாப்பாயாக. அநீதி இழைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நீயே துணை நிற்பாயாக. தவறிய பிள்ளைகளின் தவ்பாவை ஏற்றுக்கொள்வாயாக. பயந்து வரும் பிள்ளை முதலில் எங்களிடமே வரும்படி எங்கள் உள்ளங்களை இளக்கி வைப்பாயாக. ஆமீன்.